‘மூணு சாவி’யில் காணாமல்போன புருஷன்மார்கள்

“செருப்பு! தோ பாரு, செருப்பு வந்துடுச்சி!”

ராஜவேலு போட்ட சத்தத்தில், பக்கத்து டீக்கடையில் வடை திருப்பிக்கொண்டிருந்தவர் ஜல்லிக்கரண்டியோடு என் கடைக்குள் ஓடிவந்துவிட்டார். யாரோ யாரையோ செருப்பால் அடிக்கிறார்கள், விலக்கிவிடலாம், முடியாவிட்டால் வேடிக்கையாவது பார்க்கலாம் என்று நினைத்திருப்பார்.

யாரும் யாரையும் அடிக்கவில்லை. என் கடை மூலையில், பிவிசி பைப்புக் கட்டுகளுக்கு மேலே மாட்டியிருக்கும் சின்ன டிவியில் ஒரு வீட்டுக் கதவு தெரிந்தது. கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ஆண் செருப்பு. பழுப்பு நிறம். இடது செருப்பில் வார் கொஞ்சம் பிய்ந்திருந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். காட்சி மாறிவிட்டது.

“நம்பரு எட்டு இருக்கும்” என்றார் ஜாபர் பாய். ஜவுளிக்கடைக்காரர். எதைப் பார்த்தாலும் அளவு சொல்லிவிடுவார்.

“எட்டோ பத்தோ, ஆளு உசுரோட இருக்கான் பாய்” என்றான் ராஜவேலு. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. கரும்பு வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டவன், தையல் போடுகையில்கூட அழாதவன்.

“வாரு பிஞ்சிருக்கே, பாத்தியா? அவனை எவ்ளோ கேவலமா வச்சிருக்காங்க, பாரு” என்றேன் நான்.

அதற்கு மேல் எங்களால் சீரியலைப் பார்க்க முடியவில்லை. செருப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

சாவி மூணு, ஆள் மூணு

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. கச்சிராயபாளையம் ரோட்டில் எனக்கு பம்புசெட் சாமான் கடை. மோட்டார், பைப்பு, வால்வு. தண்ணீர் வராதவர்கள் என்னைத் தேடி வருவார்கள். தண்ணீர் வந்துவிட்டால் என்னை மறந்துவிடுவார்கள். மறக்கப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

‘மூணு சாவி’ என்ற அந்தச் சீரியல் ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அழுகை சீரியல் இல்லை, சிரிப்பு சீரியல். சாயங்காலம் அரை மணி நேரம். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, அதில் மூன்று சிநேகிதிகள். மொட்டைமாடியில் பூட்டிக் கிடந்த அறை ஒன்றைப் பெருக்கி, பாய் விரித்து, ஆளுக்கொரு சாவி வைத்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து பேசுவார்கள்.

அவ்வளவுதான் கதை. விஷம் வைக்கிற மாமியார் கிடையாது. மாடிப்படியில் எண்ணெய் ஊற்றுகிற நாத்தனார் கிடையாது. ஒருத்தி பொரி கொண்டுவருவாள். ஒருத்தி ஆபீஸில் நடந்ததைச் சொல்வாள். மூன்றாமவள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டு யாருக்காவது போன் போட்டுவிடுவாள். அன்றைய கதை முடிந்தது.

எங்கள் தெருப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜாபர் பாயின் கடைக்கு மேலே அவர் வீடு. அவர் மனைவி மெஹருன்னிசா, ராஜவேலுவின் மனைவி வளர்மதி, என் மனைவி செல்வி, இந்த மூன்று பேரும் அந்த மாடியில் ஒன்றாக உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சிரிப்பு வராதாம். அந்த நேரத்தில் பாயை அவர் வீட்டிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். அப்படித்தான் நாங்கள் மூன்று ஆண்களும் என் கடையில் ஒதுங்கினோம். முதலில் செய்திதான் பார்த்தோம். பிறகு, அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் அந்தச் சேனலைப் போட்டோம்.

குறையைக் கண்டுபிடித்தவன் ராஜவேலு.

“அண்ணே, மூணு பேரு கழுத்துலயும் தாலி இருக்குது.”

“ஆமா.”

“ஆளுங்க எங்க?”

அப்போதுதான் கவனித்தோம். இத்தனை நாளில் ஒரு புருஷன்கூட வரவில்லை. வராவிட்டால் போகிறது, பேச்சில்கூட வரவில்லை. ‘அவர் திட்டுவார்’ என்றுகூட யாரும் சொல்லவில்லை. மூன்று ஆம்பிளைகள் தாலி கட்டியிருக்கிறார்கள், அத்தோடு காற்றில் கரைந்துவிட்டார்கள்.

“இதுல இன்னாவோ இருக்குது” என்றான் ராஜவேலு.

துபாயா, ஜெயிலா?

அன்றிலிருந்து என் கடை துப்பறியும் ஆபீஸ் ஆனது.

பாயின் கட்சி, மூன்று பேரும் துபாயில் இருக்கிறார்கள் என்பது. அவர் சொந்தத்தில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள், அவருக்கு அதுதான் தோன்றும். ராஜவேலு ஒத்துக்கொள்ளவில்லை. “துபாய்ல இருந்தா போன் வராதா பாய்? வாரத்துக்கு ஒருக்காவாவது ‘சாப்டியா’ன்னு கேக்க மாட்டான்? மூணு பேரும் ஜெயில்லதான் இருக்கானுங்க.”

திருநாவலூர்ப் பக்கமிருந்து பைப்பு இணைக்கிற கப்ளிங் வாங்க வந்த ஒரு விவசாயி, சாமானைக் கையில் வைத்துக்கொண்டே அரைமணி நேரம் நின்று கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “அந்த மொட்டமாடி ரூம் தரையில இன்னா பொதச்சிருக்காங்கன்னு யாராச்சும் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

நாங்கள் மூவரும் டிவியைத் திரும்பிப் பார்த்தோம். தரையில் எப்போதும் பாய் விரித்தே இருப்பது ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்குப் போனதும் செல்வியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “அந்தப் பொண்ணுங்க புருஷனுங்க எல்லாம் எங்க?”

“எந்தப் பொண்ணுங்க?”

“சீரியல்ல.”

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “அட, ஆமா, இல்ல?” என்றாள். பிறகு, “வேலைக்குப் போயிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைத் தொடர்ந்தாள்.

இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கொலை என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கவனிக்கவே இல்லை! பெண்கள் யாருமே கவனிக்கவில்லை. விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. போன வாரம் நான் கிணற்றில் விழுந்த கதையைப் படித்துவிட்டு, ‘எப்படி மேலே ஏறினீர்கள் என்பதை எழுதாமலே விட்டுவிட்டீர்களே’ என்று ஒரு வாசகர் போன் செய்தார். மேலே ஏறியதால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் ஐயா. கதையில் எதையும் விட்டுவிடாமல் சொல்வது எனக்கு வராது. ஆனால் இதை விட முடியாது.

செல்வியைப் பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா கேட்டார், “தம்பி இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?”

என் கையில் வாழைக்காய் பஜ்ஜி. “பஜ்ஜி சாப்ட்டுக்கினு இருக்கேங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் அப்பா என் தொடையைக் கிள்ளினார். ஆனால் உள்ளே, கதவுக்குப் பின்னால், இரண்டு பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒன்று செல்வி, இன்னொன்று அவள் தோழி. அந்தச் சிரிப்பைக் கேட்ட உடனே முடிவு செய்துவிட்டேன். என் நகைச்சுவைக்கு ஏற்ற பெண்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து, “அன்னிக்கு என் பஜ்ஜி ஜோக்குக்குச் சிரிச்சியே” என்றேன் பெருமையாக.

“எந்த பஜ்ஜி?” என்றாள்.

அவள் தோழி தலையில் வைத்திருந்த பூவை வருகிற வழியில் ஒரு ஆடு எட்டித் தின்றுவிட்டதாம். அதற்குத்தான் சிரித்தார்களாம். நான் பேசியது உள்ளே காதிலேயே விழவில்லையாம்.

நான் நம்பவில்லை. நம்பினால் அதற்கப்புறம் என்ன மிச்சம்? அன்றிலிருந்து பெண்கள் கூடிச் சிரிக்கிற இடத்தைக் கடந்து போகும்போதெல்லாம், என்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்வேன். கோபம் வராது. என்னைக் கேலி செய்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஊரில் எனக்குள்ள ஒரே மரியாதை அதுதான்.

இப்போது இந்தச் சீரியல் வந்து அதிலும் மண்ணைப் போட்டது. அந்த மாடி ரூமில் புருஷன்களின் பேச்சே வராதது போல, பாய் வீட்டு மாடியிலும் எங்கள் பேச்சு வராமல் இருந்துவிட்டால்?

“எதுக்கு?”

செருப்பு வந்த சில நாளில், சீரியல் பெண்கள் மூவரும் வீட்டில் சொல்லிக்கொண்டு ரயிலேறிக் கடற்கரைக்குப் போனார்கள். அங்கே அலையில் நின்று கத்தினார்கள். அன்று பாய் வீட்டு மாடியிலிருந்து சத்தமே வரவில்லை. அதுவே எங்களுக்குச் சந்தேகம்.

மறுநாள் தோசை ஊற்றிக்கொண்டே செல்வி சொன்னாள். “நாங்க மூணு பேரும் ஒரு நாளு வெள்ளிமலைக்குப் போய்ட்டு வரலாம்னு இருக்கோம். அருவி பாக்க.”

“நானும் வர்றேன்.”

“எதுக்கு?”

கேலி இல்லை, கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள். தோசையைச் சாப்பிட்டேன்.

ஜாபர் பாய் சரி என்றுவிட்டார். சரி சொல்லாவிட்டாலும் மெஹருன்னிசா போவார் என்பது அவருக்குத் தெரியும். சிக்கல் ராஜவேலுதான்.

வளர்மதிக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டை. தென்பெண்ணை ஆற்றில் குதித்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தபிறகு அவள் நனைந்தது குளியலறை வாளியில்தான். கோயிலுக்கும் சாவுக்கும் தவிர ராஜவேலு அவளை வெளியே அனுப்பியதில்லை, அதற்கும் அவனே கூடப் போவான். கெட்டவன் இல்லை. பயந்தவன். எதற்குப் பயம் என்று அவனுக்கே தெரியாது.

“மூணு பொம்பளைங்க தனியா மலைக்குப் போயி இன்னா பண்ணுவாங்க?” என்று கடையில் வந்து குதித்தான்.

“பேசுவாங்க” என்றார் பாய்.

“அத்த இங்கயே பேசலாமே?”

“இங்க நீ இருக்கியே.”

“அப்ப என்னைப் பத்திதான் பேசப் போறாங்களா?”

ராஜவேலு முடியாது என்றுவிட்டான். வளர்மதி வராவிட்டால் யாரும் போவதில்லை என்று செல்வியும் மெஹருன்னிசாவும் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சட்னியில் உப்பு கம்மியானது. கேட்டதற்கு, “எனக்குச் சரியா இருக்குதே” என்றாள் செல்வி.

இரண்டு வேளை அந்தச் சட்னியைத் தின்றபின் நானே ராஜவேலுவைத் தேடிப் போனேன். அவன் என்னை வயலோரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு திட்டம் சொன்னான்.

“அனுப்பறேன் அண்ணே. ஆனா நீ அவங்களுக்குத் தெரியாம பின்னாலயே போ. இன்னா பேசறாங்கன்னு கேட்டுக்கினு வந்து சொல்லு. என்னைப் பத்தித் தப்பா ஒரு வார்த்த வந்துச்சின்னு வையி, அதோட செரி. அந்த மாடிப் படிய அவ மிதிக்கவே கூடாது. உங்க வூட்டுப் பக்கமும் வர்ற வேல கெடையாது.”

வளர்மதியின் அருவியும், மாடியும், சிநேகமும் என் காதில் தொங்கின. நியாயமாக நான் முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு எனக்கு ராஜவேலுவைவிட ஜாஸ்தியாக இருந்தது.

குரங்குக் குல்லாவில் ஒரு மனிதன்

மாறுவேஷம் என்று முடிவு செய்து, குரங்குக் குல்லா போட்டுக்கொண்டேன். பாய் கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டினேன். நல்ல வெயில் காலம். பஸ் ஸ்டாண்டில் நின்றபோதே குல்லாவுக்குள் வேர்வை ஓடியது.

பெண்கள் மூவரும் வெள்ளிமலை பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். நான் நடுவில், யாரோ ஏற்றியிருந்த ராகி மூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன்.

கண்டக்டர் வந்தார். பெண்களுக்குப் பஸ்ஸில் காசு கிடையாது. வேவு பார்க்கிறவனுக்குத்தான் டிக்கெட்.

“இன்னா அண்ணே, மலைக்கு மோட்டார் மாட்டவா?” என்றார் கண்டக்டர்.

“உஷ்!”

“ஒடம்பு செரியில்லையா? குல்லாலாம் போட்டிருக்கீங்க?” என்றார் இன்னும் சத்தமாக. அவர் கிணற்றுக்கு நான்தான் மோட்டார் கொடுத்திருந்தேன். அந்தப் பஸ்ஸில் பாதிப்பேர் கிணற்றுக்கும் நான்தான். கச்சிராயபாளையம் வருவதற்குள் நான்கைந்து பேர் நலம் விசாரித்துவிட்டார்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். முன்னால் மூன்று தலைகளும் திரும்பவில்லை. பஸ் சத்தத்தில் கேட்டிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மலை ஏற ஆரம்பித்ததும் பஸ் முனகியது. அந்த முனகலை மீறி அவர்கள் உரக்கப் பேசினார்கள். எனக்கு வசதி.

மெஹருன்னிசா ரவிக்கைக் கை அளவு பற்றிப் பேசினார். வளர்மதி, வெள்ளம் வந்தபோது ஆற்றைக் கடந்துபோய்க் கன்றுக்குட்டியை இழுத்துவந்த கதையைச் சொன்னாள். ‘அப்ப எனக்குப் பயமே தெரியாதுக்கா’ என்றாள். அடுத்து ராஜவேலு பெயர் வரும் என்று காதைத் தீட்டினேன். கன்றுக்குட்டிக்கு வைத்த பெயர்தான் வந்தது.

பிறகு செல்வி எதையோ சொல்ல ஆரம்பித்தாள். குரல் மாறியது. கண்டக்டர் குரல் வந்தது! ‘சில்ற இல்லன்னா எறங்கு, சில்ற இல்லன்னா எறங்கு’ என்று மூக்கால் பேசுகிற அவர் குரல், அச்சு அசலாக. அடுத்து அவள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் குரல். அடுத்து பாய் கடையில் துணியை எடுத்துப் போடச்சொல்லிவிட்டு வாங்காமல் போகிற அம்மாவின் குரல். பஸ்ஸில் ஓட்டுநர்கூடச் சிரித்தார்.

ராகி மூட்டைக்குப் பின்னால் நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் இப்படி ஒரு ஆள் இருப்பது தெரியாமல், இத்தனை வருஷமாக அவளுக்கு நான் ஜோக் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும் தோசை திருப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் குரலையும் செய்வாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. அடுத்த கொண்டையூசி வளைவில் எனக்கு வாந்தி வந்துவிட்டது.

ஃபுட்வால்வு

அருவியில் தண்ணீர்ச் சத்தம். பேச்சு எதுவும் கேட்கவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. செல்வி முழங்கால்வரை இறங்கி நின்றாள். மெஹருன்னிசா கரையில் எல்லோர் பையையும் பிடித்துக்கொண்டார். வளர்மதி மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீர் விழுகிற இடத்துக்கே போனாள். கொஞ்ச நேரம் ஆளைக் காணவில்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து முகம் வந்தது. பதினைந்து வயதுப் பெண்ணின் முகம். இந்த முகத்தை ராஜவேலு பார்த்திருப்பானா என்று நினைத்தேன். பார்த்திருந்தால் அவன் இவ்வளவு பயப்படமாட்டான். அல்லது இன்னும் ஜாஸ்தி பயப்படுவான்.

அருவியிலிருந்து வெள்ளிமலை ஊருக்குள் வந்து ஒரு டீக்கடை வாசல் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் அவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இங்கே பலநாள் வாடிக்கை போலக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைக்குப் பக்கவாட்டில், விறகுக் குவியலுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் நான் சொருகிக்கொண்டேன். கை நீட்டினால் செல்வியின் பையைத் தொடலாம்.

“வூட்ல இன்னா சொல்லிட்டு வந்தே?” என்று மெஹருன்னிசா கேட்டார்.

வந்துவிட்டது! மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லிட்டுதான் வந்தேன்” என்றாள் வளர்மதி. “ஏன்க்கா, இந்த மலையில பலாப்பழம் எப்ப வரும்?”

அவ்வளவுதான். பலாப்பழத்துக்குப் போய்விட்டார்கள். பலாவிலிருந்து தேனுக்கு, தேனிலிருந்து யாருடைய முழங்கால் வலிக்கோ.

அந்த நேரம் பார்த்து டீக்கடைக்காரர் பின்னாலிருந்த மோட்டாரைப் போட்டார். அது கரகரவென்று தொண்டை கட்டிய மாடு போலக் கத்தியது. தண்ணீர் விட்டு விட்டு வந்தது. பைப்பின் அடியில் இருக்கிற வால்வு ஒழுகினால் இப்படித்தான் கத்தும். நான் பல்லைக் கடித்தேன். கண்ணை மூடினேன். முப்பது வருஷமாக மோட்டாரோடு வாழ்கிறவனுக்கு அது பிள்ளை மூச்சுத் திணறுகிற சத்தம். தாங்க முடியவில்லை.

“யோவ், ஆஃப் பண்ணுய்யா! ஃபுட்வால்வு லீக்கு! காத்து இழுக்குது! காயில் கருகிடும்!”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினேன்.

மோட்டார் நின்றது. உலகமே நின்றது. தார்ப்பாய் ஓட்டை வழியாகப் பார்த்தேன். வளர்மதி டீ புரையேறி இருமிக்கொண்டிருந்தாள். சூடு ஜாஸ்தி போலிருக்கிறது. செல்வி டம்ளரில் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பும்வரை எங்கள் மூவரின் பெயரும் ஒருமுறைகூட வரவில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

வேவுகாரன் சொன்ன சேதி

கடையில் ராஜவேலுவும் பாயும் எனக்காகக் காத்திருந்தார்கள். ராஜவேலு குளித்து, சட்டை மாற்றி, தலை சீவியிருந்தான். பரீட்சை முடிவு பார்க்க வந்தவன் போல இருந்தான்.

“இன்னா பேசினாங்க?”

அவன் முகத்தைப் பார்த்தேன். தப்பாகப் பேசினார்கள் என்றால் வளர்மதிக்கு இனி வாளித் தண்ணீர்தான். ஒன்றுமே பேசவில்லை என்று உண்மையைச் சொன்னாலோ, இவன் நம்பமாட்டான். மறைக்கிறேன் என்று என்னையே சந்தேகப்படுவான். நம்பிவிட்டால் அதைவிட மோசம். அது எப்படி வலிக்கும் என்பது எனக்குத் தெரியும், நான் அப்போதுதான் அந்த வலியோடு மலையிறங்கி வந்திருந்தேன்.

“உன்னைப் பத்திதான்யா பேச்சே” என்றேன்.

ராஜவேலு மோட்டார் பெட்டி மேல் உட்கார்ந்தான். “இன்னான்னு?”

“வெளியதான் சத்தம் போடுவாரு, மனசு பஞ்சுன்னு சொல்லுச்சி.”

“என் வளர்மதியா?”

“பின்ன, எவனோட வளர்மதி? அனுப்பி வச்சாரே, அதுக்கே ஒரு மனசு வேணும்னு சொல்லுச்சி. சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சி.”

“என்னைப் பத்தி?” என்றார் பாய் மெதுவாக.

“உங்க ராசி பாய்! கைராசி. கடையே அவரு மொகத்துக்காகத்தான் ஓடுதுன்னாங்க.”

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ராஜவேலு எல்லோருக்கும் டீ சொன்னான். வடையும் சொன்னான். “வேற? வேற இன்னா சொன்னா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். என் கையிருப்பு தீர்ந்துபோய்ப் பாதி வசனங்களைப் பழைய சினிமாவிலிருந்து எடுக்கவேண்டி வந்தது. கடைசியில் அவனே சொன்னான், “மாசத்துக்கு ஒருக்கா போய்ட்டு வரட்டும் அண்ணே. பாவம், வூட்லயே கெடக்குது.”

இன்னா இன்னா சொன்னீங்க?

மறுநாள் காலை செல்வி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

“ராஜவேலு அண்ணன் நேத்து வூட்டுக்குப் போயி வளர்மதிகிட்ட ‘அப்படியா சொன்னே’ன்னு கேட்டாராம். அவ ‘ஆமா’ன்னுட்டாளாம். மெஹரு வூட்லயும் பாய் கேட்டாராம். அவங்களும் ‘ஆமா’ன்னுட்டாங்களாம்.”

நான் பேப்பரை உயர்த்திப் பிடித்தேன்.

“இன்னா இன்னா சொன்னதா சொன்னீங்கன்னு ஒழுங்கா சொல்லுங்க. நாங்க மூணு பேரும் ஒரே மாதிரி சொல்ல வேணாமா?”

பேப்பரைக் கீழே வைத்தேன். “எப்பத் தெரியும்?”

“பஸ் ஸ்டாண்டுலயே. அந்த வெயில்ல குல்லா போட்டுக்கினு வேற யாரு வருவா? மோட்டாரைப் பாத்துக் கத்தினீங்களே, அப்பதான் அடக்க முடியாம வளர்மதி டீயைத் துப்பிட்டா.”

எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. எனக்கு வந்தது ஒரு பெரிய நம்பிக்கை.

“அப்ப நான் கேட்டுக்கினு இருக்கேன்னு தெரிஞ்சிதான் எங்க பேச்சையே எடுக்கலையா? நான் இல்லாதப்ப பேசுவீங்க, இல்ல?”

செல்வி என்னைப் பார்த்தாள். எழுந்தாள். குரலைக் கனமாக்கி, மூச்சை இழுத்து, “யோவ், ஆஃப் பண்ணுய்யா! காத்து இழுக்குது!” என்றாள்.

என் குரல். அசல் என் குரல். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் மூவரும் மறுபடி கிளம்பினார்கள். என்னை வரவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ராஜவேலுவே வளர்மதியை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு என் கடைக்கு வந்தான். பாயும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். வெள்ளிமலை பஸ் எங்களைக் கடந்து போனது. முன் ஜன்னலில் மூன்று முகங்களும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தன.

“என்னைப் பத்திதான்” என்றான் ராஜவேலு.

“போடா. என் கடை போர்டைப் பாத்துத்தான் சிரிக்கறாங்க” என்றேன் நான்.

“ரெண்டும் இல்ல” என்றார் பாய். “மெஹரு என் பக்கமாத்தான் பாத்தா.”

பஸ் வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. டீ வந்தது. நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.